வாழ்வும் அறிவும் சாவும்: இயற்கைப் பாடல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பழந்தமிழ்ப் பாடல்களைப் படித்து வருகிறோம். ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். வள்ளத் தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்தும், வயலும் விளையும் (தோப்பு நிலமும்) வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்தும் சிலர் வருகிறார்கள். பாடல்களில் வரும் மரம், பறவை, மழை, கடல் ஆகியவை எதைக் குறிக்கின்றன என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லி வந்த மறுமொழிகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாழ்வு, அறிவு, சாவு ஆகிய மூன்றையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

நல்ல பாட்டு அவற்றைப் பிரித்து வைப்பதில்லை என்பதால்தான். புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோய், பாட்டில் வரும் தொடரையே பெயராகக் கொண்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். பூண் கட்டிய கோலை ஊன்றிக்கொண்டு, உடல் நடுங்க, இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் சில சொற்களை மட்டுமே பேச முடிகிற ஒரு முதியவர் தம் சிறுவயதை நினைக்கிறார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டிய பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளிர்ந்த கயத்தில் ஆடியதும், நீர்த்துறைக்கு மேல் தாழ்ந்திருந்த மருதமரத்தின் கிளையில் ஏறியதும், கரையில் நின்றவர்கள் மருள, ஆழமான மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியதும் அவருக்கு நினைவு வருகின்றன. அந்த வயதை அவர் 'கல்லா இளமை' என்கிறார்.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த மணலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. குழித்துறையில் சிறுவனாக நான் குதித்த காலத்திலும் அதே சட்டம்தான் இருந்தது: கையில் மணல் இல்லாமல் மேலே வருகிறவன் தரையைத் தொட்டதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அள்ளிய மணலில் பாதி, மேலே வருவதற்குள் விரலிடுக்கு வழியாகக் கரைந்துபோகும். மிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கையை மட்டும் முதலில் நீருக்கு மேலே நீட்டுவோம். பாட்டில் இளமையின் மிகுதி அந்தப் பாய்ச்சலில் இருக்கிறது, ஆழத்தை அறிந்ததற்கான சான்று அந்தப் பிடி மணலில் இருக்கிறது, சாவின் அண்மை அந்தக் கோலின் நடுக்கத்தில் இருக்கிறது. எதையும் கல்லாத வயதில் அடியாழத்தைத் தொட்டு வந்தவர், எல்லாம் கற்ற வயதில் கரையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றை உருவி எடுத்தால் பாட்டு நிற்காது.

குறியீடு என்பதும் உள்ளுறை என்பதும் ஒன்றுதானா?

நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. குறியீடு என்பது இக்காலத் திறனாய்வு தந்த சொல். தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்றும் இறைச்சி என்றும் இரண்டைச் சொல்கிறது. குறுந்தொகை 8ஆம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக உதிர்கிற கனியைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது என்று பரத்தை ஒருத்தி தலைவனுடைய ஊரை வருணிக்கிறாள். தேடிப் போகாமலே தலைவன் தன்னிடம் வந்து விழுந்தான் என்பதே அவள் சொல்லாமல் சொல்வது. அந்த மீனும் கனியும் அந்த வீட்டுக் கதைக்குள் நின்று பொருள் தருகின்றன, அதுதான் உள்ளுறை. குறியீடோ ஒரு பாட்டின் மாந்தரைத் தாண்டி எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சுட்டக்கூடியது. இறைச்சியைப் பற்றி உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிலத்தின் மரம், பறவை, விலங்கு போன்ற கருப்பொருள்களிலிருந்து பிறந்து, சொல்லின் நேர்ப்பொருளுக்கு அப்பால் ஒலிக்கும் குறிப்பு என்று கொண்டு படித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

கூகை (பெரிய ஆந்தை) என்றால் சாவு, முல்லை என்றால் வாழ்வு என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாமா?

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இப்படி ஒரு பட்டியலைத்தான் முதலில் கேட்கிறார்கள். தர மறுப்பதற்கு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தந்தால் பாட்டுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

கூகையையே எடுத்துக்கொள்வோம். புறநானூறு 356இல் தாயங்கண்ணனார் ஒரு முதுகாட்டைக் காட்டுகிறார். களர் பரந்து, கள்ளி வளர்ந்து, பகலிலேயே கூகை கூவுகிற இடம் அது. அன்பு கொண்டவர்கள் அழுத கண்ணீர் அங்கே சுடலையின் வெண்சாம்பலை நனைத்து அவிக்கிறது. உலகத்து மக்கள் எல்லாருடைய முதுகையும் கண்ட அந்தக் காடு, தன் முதுகைக் கண்டவர் எவரையும் அறியாது என்று பாட்டு முடிகிறது. இங்கே கூகையின் குரல் சாவின் குரல்தான், ஐயமில்லை.

ஆனால் நற்றிணை 83ஆம் பாட்டில் அதே கூகை வேறு ஆளாக இருக்கிறது. ஊர் வாயிலில், உண்ணும் நீர்த்துறையருகே, தெய்வம் உறைகிற பழைய மரத்தில் நெடுநாளாகத் தங்கிவரும் கூகையிடம் தோழி பேசுகிறாள். ஆட்டிறைச்சியும் நெய்யும் சேர்த்த வெண்சோற்றையும், எலியின் சூட்டிறைச்சியையும் நிறையத் தருகிறோம், எங்கள் தலைவர் வருவார் என்று உறங்காமல் தவிக்கும் இந்த இரவு நேரத்தில் அஞ்சும்படியாக உன் கடுங்குரலை எழுப்பாதே என்று கெஞ்சுகிறாள். கூகை அலறினால் ஊர் விழித்துக்கொள்ளும், விழித்தால் தலைவன் வர முடியாது என்பதே அவள் அச்சம். இந்தக் கூகை பக்கத்து வீட்டு மூத்தவர் போல, உணவு கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டிய ஊர்வாசி. கபிலர் பாடிய குறுந்தொகை 153இலும் குன்றத்துக் கூகை குழறுகிறது. முன்பெல்லாம் அக்குரலுக்கே அஞ்சிய நெஞ்சு, இப்போது இருள் நிறைந்த மலைச்சாரல் வழியில் வருகிற தலைவன் பின்னாலேயே போய்விட்டது என்கிறாள் தலைவி.

மூன்று கூகைகள், மூன்று பொருள்கள். நிலம் எது, பொழுது எது, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் பறவையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

முல்லைக்கும் இதே கதிதான். மழைக்காலத்தில் தலைவன் திரும்பி வருவதை நோக்கி இல்லாள் காத்திருக்கும் நம்பிக்கையின் பூ அது. புறநானூறு 242இல் குடவாயிற் கீரத்தனார் அதனிடம் வேறொன்று கேட்கிறார். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துபோனான். இனி இளையவர்கள் சூட மாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்ய மாட்டார்கள், பாணன் கொய்து சூட மாட்டான், பாடினியும் அணிய மாட்டாள். அப்படியிருக்க, 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?' என்று முடிக்கிறார். பூ தன் வேலையைத்தான் செய்தது, குற்றம் அதனுடையதல்ல. இருந்தாலும் இழவு விழுந்த வீட்டின் முன் பூத்து நிற்கிற கொடியைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரே பிச்சிப்பூக் குவியலிலிருந்து கல்யாண வீட்டுக்கு ஒருவர் அளந்து வாங்குவார். அடுத்து நிற்பவர் வாய் திறந்து எதற்கென்று சொல்லாமல் ஒரு பெரிய மாலை மட்டும் கேட்பார். கட்டுகிறவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, விலை பேசாமல் கட்டிக் கொடுப்பார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தெந்தத் திணை நிலங்கள் இருக்கின்றன? பாலை உண்டா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சியும், அடிவாரக் காட்டுப் பகுதிகளில் முல்லையும், நாஞ்சில் நாட்டு வயல்களில் மருதமும், ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரையிலான கடற்கரையில் நெய்தலும் இருக்கின்றன. பேருந்தில் ஒரு பகல் பயணத்தில் இந்த நான்கையும் பார்த்துவிட முடியும் என்பது பாடல் படிப்பவர்களுக்கு வாய்த்த பெரிய பேறு. பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயரம் தரும்போது பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மழை பொய்க்கும்போது எந்த நிலமும் அந்த வடிவத்தைக் கொள்ளலாம்.

நம் வயற்காட்டு வழக்கில் ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே நெல்லின் இரண்டு போகங்களுக்கும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று பெயர். விளைச்சலைப் பூவென்று அழைக்கிற ஊரில், பூ வாழ்வின் குறியீடு என்று புத்தகம் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்துக்கு அறிவு உண்டா? பாடல்களில் மரங்கள் அறிவுடையவைபோல ஏன் வருகின்றன?

நான் மிகவும் விரும்பி மறுமொழி சொல்லும் கேள்வி இது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் படியாலேயே வகுக்கிறது. தொடுவதால் மட்டும் அறிகிற புல்லும் மரமும் ஓரறிவுயிர். அதனோடு சுவையும் அறிகிற நத்தையும் சிப்பியும் ஈரறிவுயிர். மூக்கும் சேர்ந்தால் கறையானும் எறும்பும். கண்ணும் சேர்ந்தால் நண்டும் தும்பியும். செவியும் சேர்ந்தால் விலங்குகள். மனமும் சேர்ந்தால் மக்கள். அறிவே இல்லாத உயிர் என்ற ஒன்று இந்த வரிசையில் கிடையாது. உயிர் இருக்கிறது என்றாலே ஏதோ ஒன்றை அறிகிறது என்று பொருள். வாழ்வையும் அறிவையும் ஒரே அடியில் நிறுத்திய இந்தப் பார்வைதான் நம் இயற்கைப் பாடல்களுக்கு அடித்தளம் என்று நான் கருதுகிறேன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கொன்றைகளைப் பாருங்கள். குறுந்தொகை 66இல், கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றையோ பூத்துக் குலுங்குகிறது. தலைவி கலங்குவாளே என்று தோழி ஒரு பழியைத் தூக்கி மரத்தின்மேல் போடுகிறாள். இந்தக் கொன்றை மடமை உடையது. பருவம் தப்பிப் பெய்த வம்ப மழையைக் கார்மழை என்று நினைத்துப் பூத்துவிட்டது என்கிறாள். ஓரறிவுள்ள மரம் தவறாக அறிந்துகொண்டது என்பது வாதம். தவறாக அறிவதற்கும் அறிவு வேண்டுமல்லவா?

குறுந்தொகை 21இல் ஓதலாந்தையார் காட்டும் தலைவி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். பூத்த கொன்றைக்காடு இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள். காடு முழுவதும் மஞ்சளாகப் பூத்து ஒரே சாட்சியம் சொல்கிறது. அவள் ஒருத்தி மட்டும் அந்தச் சாட்சியத்தை மறுத்துவிட்டு, ஊருக்குத் தெரியாத ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய நிலை அறியாமையா, ஆழ்ந்த அறிவா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் பேசியும் தீரவில்லை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் கிடைப்பதால், எந்த மழையை நம்பி விதைப்பது என்று தடுமாறிய அனுபவம் நம் உழவர்களுக்கும் உண்டு; அவர்களில் ஒருவர் கொன்றையின் பக்கம் நின்று வாதாடினார். சுசீந்திரம் கோயிலின் தலமரமும் கொன்றைதான். அடுத்த முறை அங்கே போகும்போது அந்த வழக்கையும் நினைத்துப் பாருங்கள்.

வேதாகமத்தில் வாழ்வின் மரமும் அறிவின் மரமும் வருகின்றன. நம் பாடல்களில் அப்படி உண்டா?

தேவாலயங்கள் நிறைந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்தின் நடுவே ஜீவவிருட்சமும், நன்மை தீமை அறியத்தக்க விருட்சமும் நிற்கின்றன. இரண்டாவது மரத்தின் கனியைப் புசிக்கும் நாளில் சாவாய் என்பது எச்சரிக்கை. புசித்தார்கள்; கண்கள் திறந்தன; அதன்பின் ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழி சுடர்வாளால் அடைக்கப்பட்டது. அறிவு வந்த வாசல் வழியாகவே சாவும் வந்தது என்பது அந்தக் கதையின் வலி.

சங்கப் பாட்டில் இதற்கு நேரான மரம் எனக்குத் தெரியவில்லை. நேரான ஓர் ஆறு தெரியும். கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' பாட்டின் முதல் அடியை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பாட்டின் உயிர் நடுவில் இருக்கிறது. மின்னலோடு வானம் குளிர்ந்த துளிகளைப் பெய்ய, கல்லை மோதி ஒலித்து ஓடும் பேராற்றில், நீரின் போக்கிலேயே போகிற புணையைப்போல உயிர் முறையின் வழியே போகிறது என்பதைத் திறவோர் காட்சியால் தெளிந்தோம் என்கிறார். சாதலும் புதிதன்று, வாழ்தல் இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து இன்னாது என்று ஒதுக்கியதும் இல்லை. இங்கே அறிவுக்கு அவர் சொல்லும் சொல் 'காட்சி'. பார்த்துத் தெளிவது. அந்தத் தெளிவு சாவைக் கொண்டு வரவில்லை. ஏற்கெனவே இருக்கிற சாவை அச்சமில்லாமல் பார்க்கச் செய்கிறது. பேச்சிப்பாறை மலைப்பக்கத்தில் மழை பெய்து, கோதையாற்றில் செம்மண் கலங்கி வெள்ளம் கல்லில் மோதி வருகிற நாளில், மேலே முறிந்த கிளை ஒன்று அதில் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இந்த அடிகளைச் சொன்னால், ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் போய் உட்காரும்.

ஏதேனின் கதையையும் இந்தப் பாட்டையும் போட்டியாக வைக்க நான் விரும்பவில்லை. ஒன்று, அறிந்தபின் இழந்ததைப் பேசுகிறது. மற்றொன்று, அறிந்தபின் மிஞ்சியதைப் பேசுகிறது. இரண்டையும் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

கடல் சாவின் குறியீடா? ஓகியில் ஆட்களை இழந்தவர்கள் நடுவில் நெய்தல் பாட்டை எப்படிப் படிப்பது?

இதைக் கேட்ட பெண்மணியின் முகம் எனக்கு மறக்காது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி குளச்சலிலும் மணக்குடியிலும் என்ன செய்தது என்பதையும், 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் கடலுக்குப் போனவர்களை என்ன செய்தது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த வீடுகளின் முன் நின்றுகொண்டு 'கடல் ஒரு குறியீடு' என்று வாய் திறந்து சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குக் கடல் தொழில் செய்யும் இடம். பறித்துக்கொண்டதும் அதுதான், சோறு போடுவதும் அதுதான்.

நெய்தல் பாடல்களும் பெரும்பாலும் அப்படியே பார்க்கின்றன. நெய்தலின் உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய உணர்வு, இரங்கல்; சாவு அன்று. கல்லாடனார் பாடிய குறுந்தொகை 269இல் தலைவி தன் வீட்டு நிலையைச் சொல்கிறாள்: சுறா தாக்கிய புண் ஆறி, என் தந்தை மறுபடியும் நீலநிறப் பெருங்கடலுக்குள் போய்விட்டார், என் தாய் உப்பை விற்று நெல் வாங்கிவர உப்பு விளையும் கழனிக்குப் போயிருக்கிறாள். தலைவன் வரத் தடையில்லை என்பதைச் சொல்ல வந்தவள், போகிற போக்கில் கடற்கரை வாழ்வு முழுவதையும் சொல்லிவிடுகிறாள். சாவு தொட்டுவிட்டுப் போன உடம்பு, தழும்போடு மறுபடி வலையெடுத்துக்கொண்டு இறங்குகிறது. நம் மாவட்டத்துப் புத்தளத்து உப்பளங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் நினைவு வரும். அன்று அந்தப் பெண்மணியிடம் இந்தப் பாட்டைத்தான் படித்துக் காட்டினேன். 'புண் ஆறினதும் போவாங்க, போகாம என்ன செய்ய' என்று மட்டும் சொன்னார்.

சாவை நேராகத் தொடும் கடற்படிமமும் உண்டு. குறுந்தொகை 290ஐப் பாடியவருக்கு அந்தப் படிமமே பெயராகிவிட்டது: கல்பொரு சிறுநுரையார். காமத்தைத் தாங்கிக்கொள் என்று சொல்பவர்கள் அதை அறியாதவர்களா, அவ்வளவு வலிமை உடையவர்களா என்று கேட்டுவிட்டு, 'பெருநீர் கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாகுதுமே' என்கிறாள் தலைவி. முட்டத்துப் பாறைகளில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அலை மோதியதும் நுரை பாறையின் குழிவுகளில் தங்குகிறது. அலை திரும்பிய பின்னும் சிறிது நேரம் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு குமிழியாக, ஓசையில்லாமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் குறைந்து, கடைசியில் ஈரம் மட்டும் மிஞ்சுகிறது. அலையில் அடிபட்டு ஒரே நொடியில் அது அழிவதில்லை. 'மெல்ல மெல்ல' என்று இரண்டு முறை சொன்னதற்குக் காரணம் அந்த இடத்தில்தான் விளங்கும்.

சங்கப் பாடல்களில் நம் குமரி வருகிறதா?

வருகிறது. எல்லையாகச் சுட்டும் இடங்களை விட்டுவிடுவோம். புறநானூறு 67 நம் மூன்று பொருளுக்கும் நெருக்கமானது. குமரிப் பெருந்துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலிடம் பிசிராந்தையார் பேசுகிறார்: வழியில் உறையூரில் இறங்கு, கோப்பெருஞ்சோழனிடம் நான் பிசிராந்தையின் அடியேன் என்று சொல், உன் பெடை அணிய நல்ல அணிகலன் தருவான். நேரில் காணாத இருவரின் நட்புக்கு அந்தப் பறவை உயிரோட்டமாகப் பறக்கிறது. பின்னர்ச் சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் பறவையை அனுப்பவில்லை. தாமே நடந்து போய்ச் சேர்ந்து, நண்பனோடு வடக்கிருந்தார்.

அறிவுக்கு இயற்கையில் மிகப் பொருத்தமான உவமை எது?

என் தேர்வு மணற்கேணி. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு' என்ற குறளை, குமரிக் கடலில் 133 அடியில் நிற்கும் வள்ளுவர் சிலையைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் பள்ளியில் படித்திருப்பார்கள். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று தெரியும். ஊறிய நீரை முகந்துகொண்டே இருந்தால்தான் புது நீர் தெளிந்து வரும். ஒருநாள் விட்டுவிட்டால் பக்கத்து மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். இன்னொன்று பனை. பனையோலைதான் இந்தப் பாடல்கள் அத்தனையையும் நூற்றாண்டுகள் கடத்திக் கொண்டுவந்தது. அக்கானி (பதநீர்) தருகிற மரமே ஏட்டையும் தந்தது.

சாவை இவ்வளவு பாடியும் ஏன் இந்தப் பாடல்கள் இருண்டதாகத் தோன்றுவதில்லை?

அவை சாவைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கிற சிறிய உயிரையும் சேர்த்தே பார்ப்பதால் என்று நினைக்கிறேன். புறநானூறு 256இல் கணவனை இழந்த பெண் குயவனிடம் அவனை அடக்கம் செய்வதற்கான தாழியைச் செய்யச் சொல்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறுவெண்பல்லி வண்டியோடு வந்ததுபோல, அவனோடு பல பாலைவழிகளைக் கடந்து வந்த எனக்கும் இடம் இருக்கும்படி அந்தத் தாழியை அகலமாக வனைவாயாக என்கிறாள். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்திருந்தால் அவள் கேட்கும் அகலம் கண்முன் வரும். இறந்தவனைப் பற்றிய பாட்டில் நம் கண் போய் நிற்பது, சுழலும் சக்கரத்தை விடாமல் பிடித்திருக்கும் அந்தப் பல்லியின் மேல்.

பிற்காலக் கவிஞர்களில் நம் மாவட்டத்தவர் யாரைப் படிக்கலாம்?

தேரூரில் 1876இல் பிறந்து 1954இல் மறைந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை முதலில் படியுங்கள். அவர் பிறந்த ஊரின் குளம், சுசீந்திரம் குளத்தோடு சேர்ந்து, 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீர்ப்பறவைகள் இன்றும் அங்கே கூடுகின்றன. எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவி அவர் எழுதிய ஆசிய ஜோதியில் மகனை இழந்த தாய் ஒருத்தி புத்தரிடம் வருகிறாள். சாவே நிகழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். வீடு வீடாகப் போகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, சாவு நிகழாத வீடுதான் இல்லை. விதை என்பதால் கடுகு வாழ்வுக்கு உரியது. அதைத் தேடிப் போன வழியே சாவின் வழி. கிடைக்காமல் திரும்பியபோது கிடைத்தது அறிவு. அடுக்களை அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிற ஒரு பொருளுக்குள் இத்தனையும் அடங்கிவிடுகின்றன.

உமர் கய்யாமைத் தமிழாக்கும்போதும் மர நிழலில் வைத்திருக்கும் கவிதை நூலை அவர் 'கையில் கம்பன் கவியுண்டு' என்று ஆக்கிவிட்டார். பாரசீகத் தோட்டம் தேரூர்த் தோப்பாக மாறிய இடம் அது.

மலையாளக் கவிதையையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா?

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி இது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முதியவர்கள் இரண்டு மொழியிலும் படித்தவர்கள். குமாரன் ஆசான் 1907இல் எழுதிய வீணபூவு, உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவின் பிறப்பு முதல் இறப்பு வரை பாடுகிற இரங்கற்பா. முல்லையிடம் கீரத்தனார் கேட்ட கேள்வியை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே கூர்மையடையும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

நற்றிணை 172. விளையாடும்போது வெண்மணலில் அழுத்திவைத்து மறந்துபோன புன்னை விதை முளைத்துவிட்டது; நெய் கலந்த பாலூற்றி வளர்த்தார்கள்; இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை என்று அன்னை சொன்னாள்; ஆகவே இந்த மரத்தடியில் உங்களோடு சிரித்து விளையாட நாணுகிறோம் என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பூத்திருக்கும் புன்னையடியில் நிறுத்தி, உதிர்ந்த காய் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அதன்பின் தொல்காப்பியத்தின் ஒரு நூற்பாவைச் சொல்லலாம்: 'பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறிவுயிர்க்கே'. மரஞ்செடிகளின் இளமையைப் பிள்ளை என்றும் கன்று என்றும் அழைக்கலாம் என்பது அதன் பொருள். தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று நாம் நாள்தோறும் சொல்வது இதைத்தான்.

எங்கள் தாத்தாவை வீட்டு விளையிலேயே தகனம் செய்தோம். காரியம் முடிந்ததும், சாம்பல் ஆறிய அந்த இடத்தில் அப்பா ஒரு தென்னம்பிள்ளையை நட்டார். முதல் கோடையில் இரண்டு ஓலை கருகிப் போய், பிழைக்காது என்றே எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு குடத்தில் சேர்த்து வைத்து, மாலையில் கொண்டுபோய் ஊற்றுவார். இப்போது அது கூரைக்கு மேல் போய்க் காய்த்துக் கிடக்கிறது. இன்றும் அந்திக்கு நான் வீட்டில் இருந்தால், 'பிள்ளைக்குத் தண்ணி விட்டியா மக்கா?' என்றுதான் கேட்கிறார்.